பயிற்சி நிருபர்: உரிமையும் பொறுப்பும்

செய்தி நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேரும் மாணவரை இந்தியச் சட்டங்கள் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் அவரை முழுப் பணியாளராகவே எடுத்துக்கொள்கிறது. ஊதியச் சட்டங்கள் பெரும்பாலும் அவரைக் கண்டுகொள்வதில்லை. பதிப்புரிமைச் சட்டம் அவர் எழுதியதில் ஒரு பங்கை நிறுவனத்துக்கும் மீதியை அவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அவதூறு வழக்கு என்று வந்துவிட்டால் "நான் பயிற்சியில்தான் இருக்கிறேன்" என்ற பதில் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. எந்த இடத்தில் தன் நிலை என்ன என்று தெரியாமல் போவதால்தான் பயிற்சிக் காலத்தின் சிக்கல்களில் பெரும்பகுதி வருகிறது. "கத்துக்கத்தானே வந்திருக்கே" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விகளையும் அடைத்துவிடுவதும் இதனால்தான் முடிகிறது.

திருவண்ணாமலை போன்ற ஊரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மாவட்டச் செய்திகளை நாளிதழ்கள் பெரும்பாலும் வேலூர்ப் பதிப்பில் வெளியிடுகின்றன. ஊரில் இருப்பது ஒரு மாவட்ட நிருபர், ஒரு புகைப்படக்காரர், செங்கம், போளூர், ஆரணி என்று தாலுகாவுக்கு ஒரு பகுதி நேர நிருபர். சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருப்பதுபோல மனிதவளப் பிரிவோ, பயிற்சிக்கெனத் தனிப் பொறுப்பாளரோ இங்கே இருப்பது அரிது. மாணவர் வேலை கற்றுக்கொள்வது ஒரே ஒருவரிடம், அதுவும் அவருடைய இரு சக்கர வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்தபடி. அந்த ஒருவர் நல்லவராக வாய்த்தால் ஆறு மாதத்தில் கற்க வேண்டியதை ஆறு வாரத்தில் கற்கலாம். வாய்க்காவிட்டால் முறையிட ஊரில் வேறு ஆள் கிடையாது.

அலுவலகம் பயிற்சியாளரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை சில உண்டு. சொன்ன நேரத்துக்கு வருவது. வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வது. ஆட்களின் பெயரை முதலெழுத்தோடு, பதவியோடு, ஊரோடு சரிபார்ப்பது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரே தெருவில் இரண்டு அருணாசலமும் மூன்று அண்ணாமலையும் இருக்கிற ஊரில், கைது செய்தியில் தந்தை பெயரும் வயதும் விட்டுப்போனால், சம்பந்தமே இல்லாத ஒருவர் மறுநாள் காலை வக்கீலோடு வந்து நிற்பார். படத்துக்கு அடியில் எழுதும் வரியில் யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். வேறு தொலைக்காட்சியில் ஓடியதை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. செய்தி அச்சேறும் முன் அதைச் சொந்த வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. தகவல் தந்தவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. பக்கம் முடிக்கும் நேரம் பக்கத்துக்குப் பக்கம் மாறும் என்பதையும், வேலூர் டெஸ்க்கில் இருப்பவருக்குச் செய்தி தாமதமானால் அது இல்லாத செய்தியாகிவிடும் என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாததைக் கேட்பதைக் குறையாக நினைக்கும் டெஸ்க் குறைவு. தெரியாமல் எழுதி அனுப்புவதைத்தான் அது மன்னிக்காது.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. கார்த்திகை தீபத்துக்குப் பத்திரிகைகள் சிறப்பு மலர் போடும்போது ஊரில் உள்ள லாட்ஜ், ஜவுளிக்கடை, நகைக்கடை என்று விளம்பரம் பிடிக்கும் வேலை நிருபர்களின் தலையில் விழுவது வழக்கம். அதைப் பயிற்சி மாணவரிடம் இறக்கிவிடுவது இதழியல் பயிற்சி ஆகாது. மறுத்தால் சான்றிதழ் கிடைக்காது என்று மிரட்டுவது அதைவிட மோசம். இன்னொன்று "கவர்". பிரஸ் மீட் முடிந்ததும் அறிக்கையும் பேனாவும் இருக்கும் கோப்புக்குள் பணம் வைத்த உறை ஒன்றும் இருக்கும். எல்லோரும் வாங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லக்கூடும். இந்தியப் பிரஸ் கவுன்சிலின் இதழியல் நடத்தை நெறிகள் செய்தியைப் பாதிக்கும் பரிசையும் சலுகையையும் ஏற்கக் கூடாது என்கின்றன. உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறிக்கையை மட்டும் எடுத்துவருவதால் யாருக்கும் வேலை போனதில்லை. முதல் உறையை வாங்கியவர்தான் அடுத்த செய்தியில் வாயைத் திறக்க முடியாமல் போகிறார்.

சேரும் நாளில் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், பணியிடப் பாதுகாப்பு பற்றிய தொகுப்பு ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. ஆனால் அங்கே பணியாளர் என்றால் ஊதியம் பெறுபவர். ஊதியமில்லாப் பயிற்சியாளருக்கு அந்தக் கட்டாயம் தானாக வந்து சேராது. எனவே கடிதத்தைக் கேட்டு வாங்குவது அவர் பொறுப்பு. அதில் தொடக்க நாள், முடியும் நாள், வேலை நேரம், உதவித்தொகை, பயணச் செலவு, யாருடைய மேற்பார்வை, எந்த ஊரில் வேலை ஆகியவை இருந்தால் போதும். அச்சிட்ட கடிதம் தர நேரமில்லை என்றால், அலுவலக முகவரியிலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தாலும் அது ஆவணமே. இந்தக் காகிதத்தின் அருமை 2013-ல் நாட்டுக்கே தெரிந்தது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்மீது ஒரு சட்ட மாணவி, தன் பயிற்சிக் காலத்தில் நடந்ததைக் குறித்துப் புகார் சொன்னார். மூன்று நீதிபதிகள் குழு விசாரித்து, விரும்பத்தகாத நடத்தை இருந்ததாகக் கண்டது. ஆனால் அந்த மாணவி நீதிமன்றத்தின் பதிவேட்டில் இருந்த பயிற்சியாளர் அல்ல, நீதிபதியும் ஓய்வுபெற்றுவிட்டார் என்ற காரணங்களைச் சொல்லி உச்ச நீதிமன்றம் அதற்கு மேல் நடவடிக்கையில் இறங்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பது நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்திலேயே ஒரு கேள்வியாக எழுந்தது.

கடிதத்தைக் கேட்பதோடு நிறுவனத்தையும் பார்க்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பிரஸ் அட்டை அச்சடித்துத் தருகிறவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். கோயில் ஊர்களில் இவர்களுக்குச் சந்தை அதிகம். வண்டியில் "பிரஸ்" என்று ஒட்டிக்கொண்டால் தீபத்தன்று தடுப்பைத் தாண்டலாம் என்று நம்புகிறவர்கள் வாங்குகிறார்கள். போலிப் பத்திரிகையாளர்களைக் களையெடுக்கத் தமிழ்நாடு பிரஸ் கவுன்சில் ஒன்றை அமைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் உத்தரவிடும் அளவுக்கு இது வளர்ந்திருந்தது. பயிற்சி தருகிறோம் என்று சொல்லிக் கட்டணம் கேட்பது, விளம்பரம் பிடித்தால்தான் அட்டை என்பது, அலுவலக முகவரியே இல்லாதது ஆகிய மூன்றும் அபாய அறிகுறிகள். நாளிதழோ வார இதழோ பதிவு பெற்றதுதானா என்பதை 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள பத்திரிகைப் பதிவுச் சட்டத்தின்படி இயங்கும் தலைமைப் பத்திரிகைப் பதிவாளரின் இணையதளத்தில் தலைப்பைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். போலி அட்டையோடு பிடிபட்டால் அட்டை கொடுத்தவரோடு வைத்திருந்தவரும் காவல் நிலையம் போக வேண்டியிருக்கும்.

பணம் என்று வரும்போது சட்டம் பயிற்சியாளரைக் கைவிடுகிறது என்றே சொல்ல வேண்டும். தொழில் பழகுநர் சட்டம், 1961-ன் கீழ் முறைப்படி பதிவு செய்யப்பட்டவருக்கு உதவித்தொகை கட்டாயம். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக வைத்தன. வேலையின்போது காயம்பட்டால் இழப்பீட்டுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. கல்லூரிப் படிப்பின் ஒரு பகுதியாக இரண்டு மாதம் வருகிற மாணவர் அந்தச் சட்டத்தின் வரம்பிலேயே இல்லை. அவருக்கு உதவித்தொகை தருவதும் தராததும் நிறுவனத்தின் விருப்பம். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்கள் இளங்கலை மாணவர்களுக்கான பயிற்சியை மதிப்புப் புள்ளியோடு இணைத்துவிட்டதால் மாணவர்களுக்கு இடம் தேவை. இடம் தேவைப்படுகிறவரிடம் பேரம் பேசும் வலு இருக்காது.

ஆனால் பெயர் மட்டும் பயிற்சி, வேலை முழு நேர நிருபர் வேலை என்றால் கதை வேறு. இரண்டு மாதம் என்று சொல்லிச் சேர்த்து, ஒரு வருடம் ஆகியும் "டிரெய்னி" என்றே வைத்துக்கொண்டு, நாள்தோறும் செய்தி வாங்கி அச்சிடும் நிறுவனம், அவரைத் தொழிலாளர் அல்ல என்று வாதிடுவது எளிதல்ல. நிலையான ஊதியக் கணக்கில் இல்லாமல் இருப்பது மட்டுமே ஒருவரைப் பயிற்சியாளர் ஆக்கிவிடாது. உண்மையில் அவர் செய்த வேலை என்ன என்பதையே தொழிலாளர் அலுவலரும் நீதிமன்றமும் பார்க்கும். அமெரிக்காவில் இந்தக் கேள்வி பத்திரிகை உலகிலிருந்தே எழுந்தது. காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் இதழ்களில், அவற்றில் தி நியூயார்க்கரும் ஒன்று, பயிற்சியில் இருந்தவர்கள் 2013-ல் ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். நிறுவனம் அதே ஆண்டு பயிற்சித் திட்டத்தையே மூடியது. மறு ஆண்டு சுமார் 7,500 பேருக்காக 58 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2015-ல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது: இந்த உறவில் அதிகப் பயன் அடைபவர் மாணவரா, நிறுவனமா? மாணவர் என்றால் பயிற்சி. நிறுவனம் என்றால் வேலை. இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு சூத்திரம் எழுதப்படவில்லை. ஆனாலும் திருவண்ணாமலையில் உட்கார்ந்து தன் நிலையை எடைபோட விரும்பும் மாணவருக்கு இது நல்ல தராசு. இன்று அவர் வராவிட்டால் பக்கம் காலியாக இருக்குமா? இருக்கும் என்றால் அவர் செய்வது வேலைதான்.

வேலை நேரத்திலும் இதே வேறுபாடு. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-லேயே, தொடர்ச்சியான நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஏழு நாளில் ஒருமுறை முழுதாக 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றது. அதாவது வாரத்துக்கு 36 மணி. புதிய தொகுப்புச் சட்டம் இந்த வரம்பைத் தக்கவைத்ததோடு, மின்னணு, டிஜிட்டல் ஊடகத்தில் இருப்பவர்களையும் பத்திரிகையாளர் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்திருக்கிறது. நிருபர்களுக்கே எட்டாக்கனியாக இருக்கும் இந்த வரம்பைப் பயிற்சியாளர் உரிமையாகக் கேட்க முடியாவிட்டாலும், அளவாகச் சொல்லிக் காட்டலாம். சம்பளம் வாங்கும் மூத்தவருக்கே வாரம் 36 மணி என்றால், சம்பளமில்லாதவரை அறுபது மணி நேரம் உட்கார வைப்பதற்கு நியாயம் ஏது?

பாலியல் துன்புறுத்தல் விஷயத்தில் இந்தியச் சட்டம் தயங்கவில்லை. பணியிடத்தில் பெண்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், பணியாளர் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் பயிற்சியாளர், பழகுநர், தன்னார்வலர் எல்லோரையும் சேர்க்கிறது. சம்பளம் உண்டா இல்லையா என்பது பொருட்டல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நியூயார்க்கில் அதே 2013-ல் ஒரு சீனமொழித் தொலைக்காட்சியின் பயிற்சி மாணவி, மேலதிகாரி துன்புறுத்தியதாக நிறுவனத்தின்மீது போட்ட வழக்கில், சம்பளம் இல்லாததால் அவர் பணியாளர் அல்ல, எனவே துன்புறுத்தல் புகார் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அந்த நகரம் தன் சட்டத்தைத் திருத்த வேண்டிவந்தது. இந்திய மாணவிக்கு அந்தக் கதவு தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை என்பதுதான் குறை.

பணியிடம் என்றால் அலுவலகக் கட்டடம் மட்டும் அல்ல. வேலை தொடர்பாகப் போகும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் அதில் அடங்கும். கிரிவலப் பாதையில் இரவு செய்தி சேகரிக்கும்போதும், வேலூர் அலுவலகத்துக்குக் காரில் போகும்போதும், பேட்டிக்குப் போன இடத்திலும் நடந்ததெல்லாம் பணியிடத்தில் நடந்ததே. தொடுவது மட்டுமே துன்புறுத்தல் என்பதில்லை. ஆபாசப் பேச்சு, படம் அனுப்புவது, சான்றிதழையோ பைலைனையோ காட்டி ஆசை காட்டுவது, மறுத்தால் கெடுதல் செய்வேன் என்பது எல்லாம் வரும். நள்ளிரவில் "சாப்பிட்டாச்சா?" என்று தொடங்கும் குறுஞ்செய்திகள் எங்கே போய் முடியும் என்பது செய்தி அறைகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை அழிக்காமல் தேதியோடு திரைப்பிடி எடுத்து வைத்துக்கொள்வது முதல் வேலை.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழு சென்னையில் இருந்தாலும் திருவண்ணாமலைப் பயிற்சியாளர் அதனிடம் எழுத்தில் புகார் தரலாம். பத்துக்கும் குறைவானவர்கள் இருக்கும் சிறு இதழ், யூடியூப் அலைவரிசை போன்றவற்றிலும், புகாரே உரிமையாளர்மீது என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி கிடைக்கும். தாலுகா அளவிலும் புகாரைப் பெற்று ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்பத் தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஜவ்வாது மலை போன்ற தொலைவிடத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது உதவும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் புகாரைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சி இரண்டே மாதம் என்பதால், அது முடிந்த பிறகும் புகார் தரலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கல்லூரியின் உள்ளகக் குழுவுக்கும் தெரிவிக்கலாம். உயர்கல்வி நிறுவனங்களுக்கான 2015-ம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும் பாதிக்கப்படக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்வதால், 2013 சட்டத்தில் இடமில்லாதவர்களுக்கு அது ஓரளவு துணை.

களத்தில் உள்ள அபாயம் வேறு வகை. 2013 ஆகஸ்ட் 22 அன்று மும்பையில், ஆங்கில இதழ் ஒன்றில் பயிற்சியில் இருந்த 22 வயதுப் புகைப்பட இதழியலாளர், கைவிடப்பட்ட சக்தி மில்ஸ் வளாகத்தைப் படமெடுக்கப் போனபோது கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். உடன் போன சக ஊழியரைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். துணைக்கு ஒருவரை அனுப்பினால் போதும் என்ற நம்பிக்கையை அந்த நாள் உடைத்தது. அதே வளாகத்தில் முந்தைய மாதம் நடந்த இன்னொரு குற்றம், இந்த வழக்குக்குப் பிறகுதான் புகாராகவே வெளியே வந்தது. ஆளில்லாத இடத்துக்கு அனுப்பும் முன் அந்த இடத்தைப் பற்றி யாரிடம் விசாரிக்கப்பட்டது, எந்நேரம் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் யார் தேடுவார் என்ற மூன்று கேள்விகளுக்கு அலுவலகத்திடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத இடத்துக்குப் போக மறுப்பது கோழைத்தனமல்ல.

திருவண்ணாமலையில் களம் மலையும் கூட்டமும்தான். ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று அண்ணாமலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். மீட்புப் பணி நடக்கும்போதே அடுத்த பாறை எப்போது உருளும் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் செய்தியாளர்கள் நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. இத்தகைய இடத்துக்குப் பயிற்சியாளரைத் தனியாக அனுப்பக் கூடாது. தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் வீடியோ எடுத்துவா என்று சொல்லவும் கூடாது. தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏறும் நேரத்தில் பல லட்சம் பேர் ஊருக்குள் இருப்பார்கள், கைபேசி வேலை செய்யாது, ஆட்டோவும் ஓடாது. எங்கே நிற்பது, எங்கே சந்திப்பது என்பதைப் பகலிலேயே பேசி வைக்க வேண்டும். உடல்களையும் கதறலையும் பார்த்துவிட்டு வரும் இருபது வயது மாணவருக்குத் தூக்கம் வராமல் போவது இயல்பு. இதை மூத்தவர்கள் "பழகிடும்" என்பார்கள். பழகாதவர்களுக்கு அரசின் 104, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்கள் உண்டு.

எழுதியதும் எடுத்ததும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைப் பயிற்சியாளர்கள் கேட்பதே இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவு இதைத் தெளிவாகப் பேசுகிறது. பத்திரிகை உரிமையாளரிடம் பணி ஒப்பந்தத்திலோ பழகுநர் ஒப்பந்தத்திலோ இருப்பவர், பத்திரிகையில் வெளியிடுவதற்காக எழுதியதற்கும் எடுத்த படத்துக்கும், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை உரிமையாளருடையது. மற்ற எல்லா உரிமைகளும் எழுதியவருடையவை. அதாவது கிரிவலப் பாதைச் சாதுக்களைப் பற்றி ஒரு மாணவி எழுதிய தொடரை நாளிதழ் தன் பக்கத்தில் போடலாம். ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதைப் புத்தகமாகப் போடும் உரிமை மாணவியிடம்தான். காணொலிக்கு இந்தச் சலுகை இல்லை. பணியின் போக்கில் எடுத்தது என்றால் பொதுவாக அது நிறுவனத்துக்கே போகும். எந்த ஒப்பந்தமும் இல்லாத, சம்பளமும் இல்லாத மாணவரின் படைப்பு, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவருடையதே. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 19-வது பிரிவு. அதனால்தான் சில நிறுவனங்கள் "எல்லா உரிமையும் நிரந்தரமாக எமக்கே" என்ற வரியைச் சேர்க்கைப் படிவத்தில் சிறிய எழுத்தில் வைக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். தன் படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தனியாக 57-வது பிரிவு காக்கிறது. பயிற்சியாளர் அனுப்பிய செய்தியில் மூத்தவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் அது அலுவலகப் பழக்கம் என்று விட்டுவிடக் கூடிய சமாச்சாரம் அல்ல.

பொறுப்பு என்ற பக்கத்தில் பயிற்சியாளருக்குத் தள்ளுபடி கிடையாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஆசிரியரோடு எழுதியவரும் எதிரியாகச் சேர்க்கப்படலாம். வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் அதே சட்டத்தின் 72-வது பிரிவில் தண்டனை. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயரை மட்டுமல்ல, மறைமுகமாகவேனும் ஆளைக் கண்டுகொள்ள வைக்கும் எந்த விவரத்தையும் போடக் கூடாது என்றது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவில் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாம் தடை. ஆறு மாதம் முதல் ஒரு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். சிறிய ஊரில் இதைக் காப்பது பெருநகரத்தைவிடக் கடினம். "தண்டராம்பட்டு அருகே உள்ள கிராமத்தில், டீக்கடை நடத்துபவரின் மகள், ஏழாம் வகுப்பு" என்று எழுதினால் பெயர் இல்லாவிட்டாலும் கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனவே ஊரையும் தொழிலையும் வகுப்பையும் சேர்த்துப் போடக் கூடாது. தற்கொலைச் செய்தியில் செய்த முறையை விவரிக்கக் கூடாது, கடிதத்தை வெளியிடக் கூடாது என்பது பிரஸ் கவுன்சில் 2019-ல் ஏற்ற நெறி. டெஸ்க் இந்த வரம்புகளை மீறி எழுதச் சொன்னால், பயிற்சியாளர் தன் மூலப் பிரதியை அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

கோயிலுக்குள் படமெடுப்பது தனி விவகாரம். மாநிலம் முழுவதும் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அருணாசலேஸ்வரர் கோயிலுக்குள் செய்திக்காகப் படமெடுக்க வேண்டுமென்றால் இணை ஆணையர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பிரஸ் அட்டை அதற்கு மாற்றல்ல.

தீர்வு தேடும் இடங்கள் பிரச்சினைக்கு ஏற்ப மாறும். உதவித்தொகை தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தராவிட்டாலும், பயிற்சி என்ற பெயரில் முழு வேலை வாங்கினாலும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்; ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் கோரிக்கை வைக்க மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. அசல் மதிப்பெண் சான்றிதழைப் பிணையாக வாங்கி வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் நிறுவனத்துக்கு அதிகாரம் தரவில்லை. தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் தரலாம். "பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டு வேறு பத்திரிகையில் சேர மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்தால், தொழில் செய்வதைத் தடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. இணைய வழி மிரட்டலுக்கு 1930 எண்ணும், பெண்களுக்கு 181-ம் உண்டு. செய்தியின் நெறிமுறை பற்றிய புகார் என்றால் பிரஸ் கவுன்சில். அதற்குக் கண்டிக்கும் அதிகாரம் உண்டு, அபராதம் போடும் அதிகாரம் இல்லை, தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது. 2021-ல் மாநில அரசு அமைத்த பத்திரிகையாளர் நல வாரியம் பணியில் உள்ள பத்திரிகையாளர்களுக்கானது. எதற்கும் முன் வக்கீலின் ஆலோசனை வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கேட்பதில்லை. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். மனு எழுதும்போது சேர்ந்த தேதி, மேற்பார்வையாளரின் பதவி, வெளியான செய்திகளின் தேதியும் பக்கமும், சேர்க்கைக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்தால், அவர் அந்த நிறுவனத்தில் வேலை செய்தார் என்பதை மறுக்க முடியாது.